இரண்டு ஷீட் குறைகிறது

சூறைக்காற்றில் மரம் சாய்ந்து, மடத்துச் சமையற்கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை நொறுங்கிப்போனது. எதையும் குப்பையில் போடும் வழக்கம் அந்த மடத்தில் இல்லை. ஆட்டுக் கொட்டில் போட வேண்டுமென்று பக்கத்துத் தெருப் பூவாயி வந்து நின்றாள். உடையாமல் தப்பிய இரண்டு ஷீட்டையும் தணிகாசலம் அவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். பஸ் கண்டக்டர் வேலையை விட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

மறுநாள் காலை நகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். இந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, பல வருஷம் கழித்துக்கூட ஆளைக் கொல்லும் என்றார். முகமூடி போட்டு, தண்ணீரில் நனைத்து, மேலும் உடைக்காமல், கெட்டியான பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, உள்ளே என்ன என்று மேலே எழுதிவைக்கச் சொன்னார். சாயங்காலம் வண்டி வரும். புதைக்கத் தனி இடம் இருக்கிறது.

எல்லாம் கட்டி முடித்ததும் தணிகாசலம் மடத்தின் தலைவி குருவம்மாவிடம் போனார்.

"அம்மா, ரெண்டு ஷீட் குறையுது. பூவாயிகிட்டக் கொடுத்துட்டேன்."

குருவம்மா நிமிர்ந்தார். தணிகாசலத்தைவிட வயதில் இளையவர்.

"அங்கே பச்சைக் குழந்தை இருக்கே."

"அதான் பயமா இருக்கு. ஆனா தானம் கொடுத்ததைத் திரும்பக் கேட்டா பாவமில்லையா?"

குருவம்மா தண்ணீர்க் குடத்தை அவர் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

தெருமுனையிலேயே சுத்தியல் சத்தம் கேட்டது. தணிகாசலம் ஓடினார். குடத்துத் தண்ணீர் வேட்டியெல்லாம் சிந்தியது.

பூவாயி ஷீட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொட்டில். தொட்டில் சேலையில் வெள்ளைப் பொடி.

"பிள்ளை எங்கே?"

"உள்ளே அவ அம்மாகிட்டப் பால் குடிக்கிறா சாமி. ஏன் இப்படி மூச்சு வாங்குது?" அவள் தொட்டில் சேலையை உதறப் போனாள்.

"உதறாதே. நனை," என்றார் குருவம்மா. "அந்த ஷீட்டைத் திருப்பிக் கொடு, தாயி."

"நல்ல மடம்தான். ஒரு கையால கொடுத்துட்டு மறு கையால பிடுங்குறீங்களே."

"மடத்துக்கே தேவைப்படுது," என்று இழுத்தார் தணிகாசலம்.

குருவம்மா அவரையே பார்த்தார்.

"இல்லை, தாயி. இது விஷம். தெரியாம கொடுத்துட்டேன்," என்றார் தணிகாசலம்.

பூவாயி சுத்தியலைக் கீழே வைத்தாள். "மழை பெஞ்சா ஆடு எங்கே நிக்கும்?"

"மடத்துல நிக்கட்டும்," என்றார் குருவம்மா.

முகமூடியை மாட்டிக்கொண்டு ஷீட்டை நனைத்தார்கள். தரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். துணி, சேலை எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றினார்கள்.

வண்டி போன பிறகும் தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை. கொடுத்த தானத்தைத் திரும்ப வாங்கிட்டோமே."

"என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஒண்ணு போதும்னு அவ சொன்னா. ரெண்டையும் கொண்டு போ, இங்கே இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குன்னேன்."

"அப்போ நீங்க கொடுக்கலை, ஐயா. கொட்டியிருக்கீங்க. இன்னைக்கு அள்ளினோம்."