பெருங்கொம்பனின் கட்டையும் சிலும்பியின் சுள்ளியும்

கருங்குன்றுக் காட்டு மிருகங்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அதில் தப்பே இல்லை. அடுப்பு மூட்டிச் சமைக்கத் தெரிந்த மிருகங்கள் வேறு எந்தக் காட்டில் இருக்கின்றன, சொல்லுங்கள்!

வருடத்தில் மூன்று மாதம் அங்கே பழம் குறைந்துவிடும். அப்போது காட்டுக்கிழங்குதான் சாப்பாடு. அதைப் பச்சையாகத் தின்றால் நாக்கு அரிக்கும், தொண்டை வீங்கும். அதனால் பாறையடியில் மூன்று கல் கூட்டி, பெரிய பானையில் எல்லோருக்கும் சேர்த்து வேகவைப்பார்கள்.

விறகு கொண்டுவருவது பெருங்கொம்பன் என்ற யானையின் பொறுப்பு. சுள்ளி பொறுக்குவது அவனுக்குக் கேவலம். மரத்தை வேரோடு பிடுங்கி, முழுசாக இழுத்துவந்து அடுப்பில் தள்ளுவான். கிழங்கு சீக்கிரமே வெந்துவிடும். கட்டை மட்டும் இரண்டு நாள் சும்மா எரிந்துகொண்டிருக்கும்.

"பார்த்தீங்களா! இன்னும் எரியுது!" என்று பீற்றிக்கொள்வான். மற்றவர்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

இப்படியே பாறையைச் சுற்றியிருந்த மரமெல்லாம் காலியானது. ஒரு நாள் காலையில் பெருங்கொம்பன் சரிவில் நின்ற ஒரு பெரிய மரத்தில் நெற்றியை வைத்து முட்டினான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறிக்கொண்டு ஓர் இருவாச்சிப் பறவை பறந்துவந்தது. "என் வீட்டுக்காரி இந்தப் பொந்துக்குள்ளே முட்டையோட இருக்கா! வாசலைச் சேறு பூசி அடைச்சிருக்கோம். இறகையெல்லாம் உதிர்த்துட்டு உட்கார்ந்திருக்கா. மரம் சாய்ஞ்சா அவளால பறக்கக்கூட முடியாது!"

பெருங்கொம்பன் நெற்றியை எடுத்தான். "அப்போ விறகுக்கு நான் எங்கே போறது?"

சத்தம் கேட்டு எல்லா மிருகங்களும் கூடிவிட்டன.

"அடுப்பை அணைச்சிடுங்க!" என்றது இருவாச்சி.

ஒரு மந்தி பாய்ந்து முன்னால் வந்தது. "அணைச்சா என் பிள்ளைங்க பச்சைக் கிழங்கையா திங்கும்? போன வருஷம் மழையில அடுப்பு அணைஞ்சு, ஒரு குட்டியைப் பறிகொடுத்தவ நான்!"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பெரிய தொல்லை.

அப்போது சிலும்பி என்ற முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு கட்டுச் சுள்ளி போதும். பானையை நான் கொதிக்க வைக்கிறேன்!"

பெருங்கொம்பன் காடு அதிரச் சிரித்தான். "உன் சுள்ளி எனக்குப் பல்லுக் குத்தக்கூடக் காணாது!"

"சிரிங்க அண்ணே. ஆனா, தீ எங்கே போகுதுன்னு பார்த்தீங்களா? பானைக்குக் கொஞ்சம், மிச்சமெல்லாம் காத்துக்கு! அடுப்பைச் சுத்திச் சுவர் வேணும். இருவாச்சி மாமா, உங்க வாசலுக்குப் பூசின மாதிரி இங்கேயும் பூசுங்க. சுள்ளி நுழைய மட்டும் ஒரு சின்ன வாய் விட்டாப் போதும். காய நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் வெந்து மிச்சமிருக்கிற கிழங்கு தாங்கும்."

"அப்புறமும் பானை கொதிக்கலேன்னா?" என்று கேட்டான் பெருங்கொம்பன்.

"மரத்தைச் சாய்ச்சுக்கோங்க!"

இருவாச்சி தன் பொந்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஆனாலும் வேறு வழி ஏது? சேற்றைக் குழைத்துக் குழைத்து அலகாலேயே பூசியது. ஒரு விரிசல் கூட விடவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் சிலும்பி காய்ந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். தீ வெளியே எட்டிப் பார்க்கவில்லை. நேராகப் பானையின் அடியைப் பிடித்தது. எல்லோரும் பானையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். பானை முணுமுணுத்தது. பிறகு தளதளவென்று கொதித்தது. சுள்ளிக் கட்டில் பாதி அப்படியே மிச்சம்!

மந்திகள் குதித்த குதியில் பாறையே ஆடியது. பெருங்கொம்பன் மட்டும் தும்பிக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"இனிமே எனக்கு என்ன வேலை?" என்றான்.

"நல்லாக் கேட்டீங்க! பெரிய வேலையே உங்களுக்குத்தான்" என்றாள் சிலும்பி. "வேரோட பிடுங்காதீங்க. பொந்து மரத்தை விட்டுட்டு, மத்த மரத்துல கிளையை மட்டும் ஒடிங்க. மரம் மறுபடி துளிர்க்கும். இந்த வருஷம் கிழக்குச் சரிவு, அடுத்த வருஷம் மேற்குச் சரிவுன்னு மாத்தி மாத்திப் போங்க. ஒடிச்ச இடத்துல வர்ற தளிரை மான்கூட்டம் மேயாமக் காவல் காக்க உங்களை விட்டா யாரு இருக்கா?"

அதைக் கேட்டதும் தும்பிக்கை மெல்ல உயர்ந்தது.

வாரங்கள் ஓடின. ஒரு நாள் பொந்தின் சேற்றுச் சுவர் உடைந்தது. உள்ளேயிருந்து இருவாச்சியின் மனைவி வெளியே வந்தாள். அவள் பின்னாலேயே குஞ்சும் எட்டிப் பார்த்தது. காடே ஆரவாரம் செய்தது.

அடுத்த மலையிலிருந்து விருந்துக்கு வந்த ஒரு யானை, சின்ன அடுப்பைப் பார்த்து இளக்காரமாகக் கேட்டது: "என்னப்பா, இங்கே கட்டைக்குப் பஞ்சமா?"

"பஞ்சமா!" பெருங்கொம்பன் காதை விரித்து நிமிர்ந்தான். "தினமும் எங்க பானை கொதிக்குது. எங்க சரிவுல பொந்து மரம் ஒண்ணுகூட விழலை. உங்க காட்டுல இந்த ரெண்டுல எது இருக்கு, சொல்லு!"

வந்த யானை குனிந்து அடுப்பின் சின்ன வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

தேவைக்கு மட்டும் எரித்து, ஒடித்ததை மீண்டும் துளிர்க்க விடுகிறவர்களுக்கு அடுப்பும் அணையாது, காடும் அழியாது.