ராஜா தேடுன வரியில்லாப் பெட்டி

முத்தலைப் பட்டணத்து ராஜா விசயகண்டருக்குக் கப்பல் பங்கு மேல ஆசை வந்துடுச்சு. பல பேர் பணம் போட்டுக் கப்பல் அனுப்புவாங்க. சரக்கு நல்லா வித்தா பங்கு விலை ஏறும், வித்து லாபம் பாக்கலாம். அதுல தப்பில்ல. ஆனா லாபத்துக்கு வரி உண்டு. சட்டம் போட்டதே இவர்தான். "ராஜாவா இருந்தாலும் கட்டணும்"னு சபையில மார் தட்டிச் சொன்னதும் இவர்தான். அப்ப அவர்கிட்ட பங்கு எதுவும் இல்ல.

பங்குச் சீட்டை வைக்க அரண்மனைச் சாவடியில ரெண்டு பெட்டி இருந்துச்சு. பச்சைப் பெட்டியில வச்சா நினைச்ச நாள் எடுக்கலாம், லாபத்துல ஆறுல ஒண்ணு வரி. சிவப்புப் பெட்டின்னா வரியே இல்ல, ஆனா அஞ்சு வருஷம் பூட்டு. நடுவுல அழுதாலும் திறக்க மாட்டாங்க.

சபையில வேடிக்கையா பேசியே வயித்தைக் கழுவுற மாசிலானை ராஜா கூப்பிட்டார்.

"எனக்கு வரியும் கூடாது, பூட்டும் கூடாது. எந்தப் பெட்டி?"

"அப்படி ஒண்ணு இருந்தா நான் ஏன் மகாராஜா இங்க நிக்கிறேன்?"

பொக்கிஷக்காரர் அடைக்கப்பர் முந்திக்கிட்டார். "என் மாமனார் பேர்ல போடுங்க மகாராஜா. வயசானவங்களுக்கு வரி கிடையாது. நினைச்சப்ப எடுத்துக்கலாம்."

"யாரு எடுத்துக்கலாம்?"னு கேட்டான் மாசிலான்.

சபை கொல்லுனு சிரிச்சுது. அடைக்கப்பருக்கு மூக்கு சிவந்துடுச்சு. "வாய் மட்டும் நீளுது! நாளைக்கு நீயே சொல்லு. முடியலைன்னா உன் மீசையை எடுத்துடணும்."

ராஜாவும் தலையாட்டிட்டார். மாசிலான்கிட்ட மிச்சம் இருந்த ஒரே சொத்து அந்த மீசைதான். அவன் பொண்டாட்டி கல்யாணத்துக்குச் சம்மதிச்சதே அதைப் பாத்துத்தான்.

மறுநாள் நாவிதர் கிண்ணத்துல தண்ணியோட சபைக்கே வந்து உக்காந்துட்டார்.

"பச்சைப் பெட்டியில போடுங்க மகாராஜா"ன்னான் மாசிலான்.

"வரி?"

"தாராளமா கட்டுங்க."

"கத்தியைத் தீட்டும்யா!"ன்னார் அடைக்கப்பர்.

"கொஞ்சம் பொறுங்க. அடைக்கப்பரே, போன வருஷத்துக் கப்பல் வரி என்னாச்சு?"

"மகாராஜாவுக்குத் தந்தக் கட்டில் செஞ்சோம்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"மகாராஜாவுக்குக் குளிக்கத் தடாகம் வெட்டினோம்."

"மிச்சம்?"

"மகாராஜாவோட யானைக்கு முகபடாம்."

மாசிலான் ராஜா பக்கம் திரும்பினான். "கேட்டீங்களா? நாங்க வரி கட்டினா பணம் போனது போனதுதான். நீங்க கட்டினா கட்டிலாகித் திரும்பி உங்க அறைக்கே வந்துடும். பூட்டும் இல்ல, வரியும் இல்ல. ஊர்லயே உங்க ஒருத்தருக்குத்தான் பச்சைப் பெட்டி அப்படிப்பட்ட பெட்டி."

ராஜா கிரீடம் நழுவுற அளவுக்குச் சிரிச்சார். "மீசை பொழைச்சுதுடா! என்ன வேணும், கேளு."

"பெருசா ஒண்ணும் வேணாம் மகாராஜா. போன வருஷம் என்கிட்ட இருந்த ஒரு பங்கை வித்தேன், அதுக்குக் கட்டின வரியும் அந்தக் கட்டில்ல இருக்கு. நீங்க சபையில இருக்கிறப்ப அது சும்மாதானே கிடக்கு? மத்தியானத்துல நான் போய்ப் படுத்துக்கறேன்."

நாவிதர் கத்தியைக் கீழ வச்சுட்டு மெதுவா எந்திரிச்சார். "மகாராஜா, எனக்கும் ரெண்டு பங்கு இருந்துது, வரி கட்டியிருக்கேன். எனக்கு எந்தக் கிழமை?"

வாசல்ல நின்ன வியாபாரிங்க எல்லாம் வரிசை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

ராஜா சிரிப்பை நிறுத்தினார். அடுத்த வருஷத்து வரியில துறைமுகத்துக்குப் படித்துறை கட்டச் சொல்லி அங்கயே உத்தரவு போட்டுட்டு, நேரா போய் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார்.