ஆண் கை பட்ட சாப்பாடு

கென்யாவின் கிசி மலைப்பக்கத்தில் கெமுந்தோ என்றொருத்தி இருந்தாள். அவள் விடிந்ததும் தேயிலை பறிக்கப் போவாள். கணவன் ஒந்திரி வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டி வைப்பான்.

இது ஊர்த்தலைவர் ஒப்வோச்சாவின் காதுக்கு எட்டியது. அவர் கெமுந்தோவைக் கூப்பிட்டனுப்பினார்.

"அடுப்படியில் ஆம்பளையா? வெட்கக்கேடு! இனி ஆண் கை பட்ட சாப்பாட்டை இந்த ஊரில் யாரும் தொடக்கூடாது. கெமுந்தோ, வேலையை விட்டுவிட்டு வீட்டில் சமை!" என்றார்.

"உங்கள் பேச்சை மீறுவேனா, பெரியவரே? நாளை உங்கள் வீட்டு விருந்திலேயே தொடங்கிவிடுகிறேன்."

மறுநாள் தலைவர் மகளுக்குக் கல்யாணம். முற்றத்தில் வாட்டிய ஆட்டுக்கறி கமகமத்தது. பரிமாற வந்த கெமுந்தோ, எல்லார் தட்டிலும் களியும் கீரையும் மட்டுமே வைத்தாள்.

"கறி எங்கே, பெண்ணே?" என்றார் தலைவர்.

"ஆட்டை அறுத்தவர் உங்கள் தம்பி. நெருப்பில் வாட்டியவர்கள் உங்கள் மகன்கள். நம் ஊரில் அது என்றைக்கும் ஆண்கள் வேலைதானே? ஆண் கை பட்டதை நான் எப்படிப் பரிமாறுவேன்?"

பந்தி முழுக்கச் சிரிப்பு. தலைவர் கீரையைப் பார்த்தார். கறியைப் பார்த்தார்.

"சரி, சரி. நேற்றுச் சொன்னதை மறந்துவிடு. கறியைக் கொண்டு வா."

"அதை ஒந்திரி கொண்டு வருவார், பெரியவரே," என்றபடி கெமுந்தோ கூடையை எடுத்தாள். "எனக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு நேரமாகிவிட்டது."