குட்டி தானே பற்றிக்கொண்டது

காட்டுக்கும் ஊருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், குரங்குக் குட்டிகளுக்குத் தாயைப் பற்றிக்கொள்ளத் தெரியாது. தாய்க்குரங்குதான் மரக்கவையில் இலை பரப்பிக் குட்டியைப் படுக்க வைக்கும். போகும் இடத்துக்குக் கையில் தூக்கிப் போகும்.

அப்போது ஒரு மந்திக்குத் தலைச்சன் குட்டி பிறந்தது. கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்திலேயே அது கையையும் காலையும் உதறும். திடுக்கிட்டு விழித்து வீரிட்டு அழும். மூன்று நாளாகத் தாய்க்கும் தூக்கமில்லை, பிள்ளைக்கும் தூக்கமில்லை.

அடிவாரத்தில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை. பழஞ்சேலைத் துணியில் சுற்றி, குடிசை வாசலில் பாயில் போட்டிருந்தாள். மந்தி குட்டியோடு அங்கே இறங்கி வந்தபோது அது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, உன் பிள்ளை மட்டும் எப்படி இப்படித் தூங்குது?"

"வயித்துக்குள்ள ஒடுங்கிக் கிடந்த பிள்ளை, தங்கச்சி. திடீர்னு வெட்டவெளின்னா பயந்துக்கும். துணி சுத்தினா நாம அணைச்ச மாதிரி இருக்கும்."

சடைச்சி முந்தானையில் ஒரு துண்டு கிழித்துக் குட்டியைச் சுற்றிக் காட்டினாள்.

"நெஞ்சுகிட்ட என் ரெண்டு விரல் நுழையுது பார், அந்த அளவுக்கு இளக்கம் வேணும். காலை மடக்கி நீட்ட இடம் விடு. மல்லாக்கப் படுக்க வை. முகத்துல மட்டும் துணி ஏறவே கூடாது, எந்தக் குளிரா இருந்தாலும் சரி."

"சரிக்கா."

அன்று குட்டி தூங்கியது. அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே மந்தி உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாள் அப்படிப் போயிற்று.

ஆறாம் நாள் உச்சிவேளையில் மலைமேல் ஆலங்கட்டி மழை கொட்டியது. குட்டியின் மூக்கு சில்லிட்டிருந்தது. சடைச்சி சொன்னது மந்திக்கு மறக்கவில்லை. ஆனாலும், மலைமேல் அடிக்கும் குளிர் அடிவாரத்தில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றிவிட்டது. துணியை இறுக்கி ஒரு சுற்று, தலையோடு சேர்த்து இன்னொரு சுற்று. முதுகை மழைக்குக் கொடுத்துக் குட்டிமேல் கவிந்துகொண்டாள். குட்டி அழவில்லை. நன்றாகத் தூங்குகிறது என்று நினைத்து அவளும் கண்ணை மூடினாள்.

மழை விட்டதும் துணியை அவிழ்த்தாள். குட்டி விழிக்கவில்லை.

அடிவாரத்துக்கு ஓடினாள். "அக்கா, இதை எழுப்பிக் கொடு."

சடைச்சி தொட்டுப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குளிருமேன்னுதான் சுத்தினேன்க்கா."

"தெரியும் தங்கச்சி. எனக்குத் தெரியும்."

ஏழு நாள் அந்தக் குட்டியைக் கீழே விடாமல் மந்தி கிளை கிளையாகத் திரிந்தாள். எட்டாம் நாள் ஒரு மரத்தடியில் இறக்கி வைத்தாள். அதன் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுவருஷம் இன்னொரு குட்டி பிறந்தது. பால் கொடுத்தாள், ஈரம் போக நக்கிவிட்டாள். அணைக்க மட்டும் கை வரவில்லை. எங்கே இறுக்கிவிடுவோமோ என்று பயந்தாள். கூட்டம் அடுத்த மரத்துக்குத் தாவத் தொடங்கிவிட்டது. கையைப் பின்னுக்கு இழுத்தபடி அவள் நின்றாள். குட்டிக்கு என்ன புரிந்ததோ, தாயின் வயிற்று மயிரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. அவள் தாவினாள்.

அன்று தொடங்கி இன்று வரைக்கும் மந்தி குட்டியைப் பிடிப்பதில்லை, குட்டிதான் மந்தியைப் பிடித்துக்கொள்கிறது. செத்துப்போன குட்டியை மட்டும் தாய் தன் கையில் ஏந்தித் திரிகிறது.