மலையிலிருந்து வந்த கம்பளி

பொன்னரசி அம்மாளின் ஆசிரமத்துக்கு மூன்று கிளைகள். ஆற்றங்கரையில் ஒன்று, மலையில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கணினி சர்வர். ஆசிரமத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியல் மூன்றிலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்குள் பெரியது சின்னது கிடையாது. நாளுக்கு இரண்டு தடவை ஒன்றையொன்று கேட்டு, மாறியதை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

ஆற்றங்கரை சர்வரைப் பார்த்துக்கொண்டவர் அர்த்தநாரி. தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, தம்பி செங்கோடனையும் கூட்டிக்கொண்டு சிஷ்யராக வந்து சேர்ந்தவர். அம்மாளைவிடப் பத்து வயது மூத்தவர்.

போன மாதம் செங்கோடன் மாரடைப்பில் போய்விட்டார். தினமும் காலையில் வேலை பிரிக்கும்போது பட்டியலைச் சத்தமாக வாசிப்பார்கள். தம்பி பெயரும் வரும். நீக்க வேண்டியவர் அர்த்தநாரிதான். ஆனால் முறையாக நீக்குவதென்றால் 'காலமானார்' என்று குறிக்க வேண்டும். கை வரவில்லை. பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் சர்வரின் அடிவயிற்றில் கைவிட்டு, சுவடே இல்லாமல் அந்தப் பெயரைப் பிடுங்கி எறிந்தார். இலாகாவில் கற்ற கெட்டிக்காரத்தனம்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் காலையில், "செங்கோடன், சமையற்கட்டு" என்று வாசித்தார்கள்.

அர்த்தநாரி நேரே அம்மாளிடம் போனார். அம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மலை சர்வருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்கம்மா. நான் எடுத்த பேரைத் திரும்பக் கொண்டாந்து வெக்குது. அதைக் கழட்டிப் போடச் சொல்லுங்க."

"உட்காருங்கண்ணா. நான் மலை. நீங்க ஆத்தங்கரை. கேளுங்க."

விளையாட இதுவா நேரம் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் கேட்டார்.

"போன தடவைக்கு அப்பறம் உங்ககிட்ட என்ன மாறியிருக்குது?"

"ஒண்ணே ஒண்ணு. குளிர்காலம் வருது. பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் கம்பளி குடுக்கறது நாங்கதான், செங்கோடனுக்கும் ஒண்ணுன்னு எழுதியிருக்கோம்."

அம்மாள் இன்னொரு வெண்டைக்காயை எடுத்தார்.

"உங்க பட்டியல்ல என்ன இருக்குதுண்ணா? அதைச் சொல்லுங்க."

"அப்படி... ஒருத்தர் எங்ககிட்ட இல்லீங்க."

"அடடா, தெரியாதா? நான் சொல்றேன், எழுதிக்குங்க. பேரு செங்கோடன். வயசு அம்பத்தொண்ணு. சாம்பாருக்குப் புளி எப்பவும் கொஞ்சம் தூக்கலாப் போடுவாரு. மாசத்துக்கு ஒரு செருப்புத் தொலைப்பாரு. அண்ணன் பேரு அர்த்தநாரி."

அறுபது வயது மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பாவம், தம்பிக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட அவர் அழவில்லை. அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மலை மேல தப்பு இல்லண்ணா. அதுக்கு யாரும் சேதி சொல்லல. நம்மகிட்ட ஒரு பேரு குறையுதுன்னு பார்த்துச்சு, குடுத்துச்சு."

"நான் என்ன சொல்லியிருக்கோணுங்கம்மா?"

"நீங்களே சொல்லுங்க."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செத்துட்டான்னு" என்றார் அர்த்தநாரி. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

இருவரும் சர்வர் அறைக்குப் போனார்கள். திரும்பி வந்திருந்த பெயரை அவர் பிடுங்கவில்லை. அதன்மேல் 'காலமானார்' என்று தேதியோடு குறித்தார். இனிமேல் காலை வாசிப்பில் அது வராது. கேட்கிற கிளைகளுக்கு அந்தக் குறிப்பு மட்டும் போகும். திரையின் ஓரத்தில் அது சாம்பல் நிறத்தில் நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை நாளைக்கு இங்கயே கெடக்கோணுங்கம்மா? பார்க்கவே முடியலீங்க."

"எல்லாருக்கும் சேதி போய்ச் சேர்ற வரைக்கும்."

"இருக்கறதே மூணு சர்வருங்க. சாயங்காலமே எல்லாத்துக்கும் தெரிஞ்சுரும். அப்பறம் எடுத்துரலாங்களா?"

"அதுகளுக்குச் சாயங்காலம் போதும்" என்றார் அம்மாள். "நீங்க அவசரப்படாதீங்கண்ணா."