ஏழு ஹூக்

ஆவுடையப்பன் சார் வீட்டுக்குச் சாயங்காலம் போனால் அவர் கையில் ஊசி இருக்கும்.

சாக்பீஸ் பிடிக்கிற கை அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறார். மணி ஐந்தரை ஆனால் வீட்டு முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலை ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் தைப்பார். அவர் மனைவி கோமதி அக்கா தையல்காரர். அக்கா வெட்டித் தைப்பார், சார் ஹூக் வைப்பார். எதிரே நாலு பிள்ளைகள் தேற்றம் ஒப்பிக்கும்.

"ஏல, நடுவுல ஒரு வரியை முழுங்கிட்ட" என்பார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஊரில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டே விட்டேன்.

"ஏன் சார், உங்களுக்கு இது தேவையா?"

"கல்யாணமான புதுசுல ஹூக் தச்சுத் தச்சு இவளுக்குக் கண்ணு எரியும். அன்னைக்கு இவ கையிலருந்து வாங்குன ஊசிவே. ரெண்டு பொம்பளப் பிள்ளைகளையும் காலேஜ் படிக்க வச்சது இந்த மெஷினும்தான். நான் மட்டும் பேரு வாங்கிக்கிட முடியுமா?"

என் பெயர் ராஜமணி. அதே பள்ளியில் நானும் கணக்கு வாத்தியார். எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., தங்கப் பதக்கம். இதைச் சொல்லாமல் அந்த நாளில் நான் யாரையும் தாண்டிப் போனதில்லை. ஆவுடையப்பன் சாரின் சீடன் என்று நானாகவே சொல்லிக்கொள்வேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "சீடனாவது ஒண்ணாவது! நீரு ஸ்டாஃப் ரூம்ல எனக்குப் பக்கத்து நாற்காலி, அம்புட்டுத்தான்" என்பார்.

அந்த வருஷம் டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பைக்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகவேண்டிய பெயர்ப் பட்டியல் இருந்தது.

"சார், ஒரு கேள்வி."

"கேளும்."

"பத்துத் தடவை சொல்லியும் ஏறாத பிள்ளையை என்ன செய்றது?"

"யாரு?"

"முத்துப்பேச்சி. அரையாண்டுல நூத்துக்குப் பதினொண்ணு."

சார் நூலை இழுத்தார். நான் மிச்சத்தையும் சொன்னேன். மூன்று வருஷமாக எங்கள் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி. இந்த வருஷம் இந்த ஒரு பிள்ளைதான் இடிக்கிறது. அவள் அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு, டி.சி.யைக் கொடுத்து, பிறகு தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்கிறார் ஹெட்மாஸ்டர். வகுப்பாசிரியர் நான்தான். நாளைக்குள் அந்தப் பெயரை அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"பிள்ளை என்ன சொல்லுது?"

"ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியன் படிக்கணுமாம். பத்து பாஸானாத்தானே சார் அதெல்லாம்."

"டி.சி. குடுத்தா?"

"அவங்கம்மா கூடத் தீப்பெட்டி ஆபீசு வேலைக்குப் போயிரும். தனியா எழுதுறேன்னு போன பிள்ளைக யாரு சார் திரும்ப எழுதியிருக்கு?"

தெரிந்துதான் கேட்கப் போயிருந்தேன். வெட்கக்கேடு அதுதான். அவரும் ஒரு 'சரி' சொல்லிவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும் என்று ஒரு கணக்கு.

சார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"கோமதி, இவருக்கு ஒரு ஜாக்கெட் வெட்டச் சொல்லிக் குடேன்."

"எதுக்கு சார்?"

"சும்மாதான்வே. எம்.ஃபில். படிச்ச ஆளு. அஞ்சு நிமிஷ வேலை."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பழைய தினத்தாள் ஒன்றை மடித்துத் தரையில் விரித்தார்.

"முதுகுத் துண்டு மட்டும் வெட்டுங்க தம்பி. சுற்றளவு முப்பத்தாறு. அதுல கால் பங்கு இந்த மடிப்புல வரணும்."

முப்பத்தாறில் கால் பங்கு. இதற்கு நான் படிக்கவே வேண்டாம். ஒன்பது அங்குலம் அளந்து, கோடு போட்டு, ஜோராக வெட்டி நீட்டினேன்.

"தையலுக்கு எங்க விட்டிருக்கீங்க?"

"கணக்குப்படி ஒம்பதுதானே அக்கா?"

"கணக்கு சரிதான் தம்பி. போட்டா மூச்சு விட முடியாது."

சாக்பீஸை எடுத்துத் தாளில் ஒரு கோடு கிழித்தார். "இதுவரைக்கும் சரியா வந்திருக்கு. இங்கயிருந்து திரும்பப் பாருங்க." வேறு தாள் விரித்தார்.

இரண்டாம் தடவை தையலுக்கு ஒன்றரை அங்குலம் விட்டேன். கை நுழைகிற இடத்தை உள்பக்கம் வளைக்காமல் வெளிப்பக்கம் வளைத்துவிட்டேன். விரித்தால் வௌவால் மாதிரி நின்றது. ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தேற்றத்தை விட்டுவிட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்தன. அக்கா சிரிக்கவில்லை. மறுபடி ஒரு கோடு. "இதுவரைக்கும் சரி."

மூன்றாம் தடவை தாள் சரியாக வந்த மாதிரி இருந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

"துணியிலேயே வெட்டிருவேன் அக்கா."

அக்கா ஒரு நொடி யோசித்தார். பிறகு பீரோவிலிருந்து அரக்குக் கலரில் மஞ்சள் புள்ளி போட்ட துணியை எடுத்து வந்தார். அவர் பொங்கல் சேலைக்கு வைத்திருந்தது.

"கழுத்து மடிப்புப் பக்கம் வரணும். அதை மட்டும் மறந்துராதீங்க."

"சரிக்கா."

சரி என்றுதான் சொன்னேன். கத்தரியைப் பிடித்ததும் என் கை எந்தப் பக்கம் போயிற்று என்று எனக்கே தெரியாது. வெட்டி முடித்துப் பெருமையாக விரித்தேன். முதுகு நடுவில் பிளந்து இரண்டு துண்டாகக் கையோடு வந்தது.

 பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை, அவ்வளவு பாவமாக இருந்திருக்கிறது. அக்கா இரண்டு துண்டையும் மடித்து ஓரமாக வைத்தார்.

"இன்னொரு தடவை. தாள்ல வெட்டுங்க."

"எனக்கு இது வராதுக்கா. நாலு தடவை சொல்லிட்டீங்க, விட்டுருங்க."

"அஞ்சாந்தடவை சொல்றேன். எனக்கென்ன வாயா வலிக்கப்போகுது?"

காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு தையல்காரர் வீட்டில் பிள்ளைகள் முன்னால் எனக்கு இது வேண்டியதா என்று எழுந்துவிட்டேன். அப்போது சார் கையை நீட்டினார்.

"ராஜமணி, அந்தப் பட்டியலையும் சிவப்புப் பேனாவையும் எடும்."

"எதுக்கு சார்?"

"உம்ம பேரை அடிச்சிரலாம்னுதான்."

 அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. நான் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

"அக்கா, மடிப்பு எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

ஐந்தாம் தடவை வெட்டித் தாளை விரித்தபோது ஒரே துண்டாக வந்தது. கழுத்து வட்டமாக, கை இடம் வளைவாக, தையலுக்கு இடம் விட்டு, அப்படியே கடைச் சரக்கு! சத்தியமாகச் சொல்கிறேன், தங்கப் பதக்கம் வாங்கின அன்றைக்குக்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பிள்ளைகள் கை தட்டின. அக்கா தாளில் கோடு போடாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன்.

"முத்துப்பேச்சி பேரு இருக்கட்டும் சார்."

"ரிசல்ட் போச்சுன்னா?"

"என்னைக் கேளுங்க."

"கேப்பேன்யா. நல்லாவே கேப்பேன்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முத்துப்பேச்சியின் பெஞ்சில், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் சட்டென்று ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள். நான் எப்போதும் கரும்பலகைப் பக்கமே நிற்கிற ஆள். அவளுடைய பழைய விடைத்தாள்களை வாங்கினேன். நான்தான் திருத்தியவை. மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்புப் பெருக்கல் குறி. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பென்சிலால் ஒவ்வொரு கணக்கிலும் ஒரு கோடு போட்டேன். இதுவரைக்கும் சரி. இதுவரைக்கும் சரி.

ஆறாவது கணக்கில் எனக்கே பிடிபட்டது. எல்லாக் கோடும் ஒரே மாதிரி இடத்தில்தான் நின்றது. மைனஸ் மூன்று, மைனஸ் நாலு. அடுத்த வரியில் பிளஸ் ஏழு.

"இது எப்படிம்மா பிளஸ் ஏழு?"

"மைனஸும் மைனஸும் பிளஸ் சார்."

"பெருக்கும்போதுதானே அப்படி? இங்க பெருக்கலையே. யாரு உனக்கு அப்படிச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள்.

"நீங்கதான் சார். ஒம்பதாம் வகுப்புல. மேசையத் தட்டித் தட்டிச் சொன்னீங்க. எப்பவும் மறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் மறக்கவே இல்ல சார்."

 ஒன்றரை வருஷமாக அந்தப் பிள்ளை ஒவ்வொரு கணக்கிலும் என் சொல்லைத் தட்டாமல் கேட்டிருக்கிறது. அதற்கு நான் முட்டை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"கிணத்துல மூணு படி இறங்கு" என்றேன். "இன்னும் நாலு படி இறங்கு. இப்ப எங்க நிக்கிற?"

"ஏழாம் படியில சார்."

"மேலயா, கீழயா?"

"கீழ... ஐயோ, கீழ சார்!" பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு அவளே அடுத்த வரியைத் திருத்தினாள். அதற்கடுத்த கணக்கையும் திருத்தினாள். "அப்ப இத்தனை நாளா நான் தப்பா..."

"நீ இல்ல தாயி. நானு."

அதற்குப் பிறகு மூன்று மாதம், தினம் மத்தியானம், அதே பெஞ்ச். சில நாள் ஆவுடையப்பன் சாரும் டிபன் பாக்ஸோடு வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார். பாடம் சொல்ல மாட்டார். அவள் ஒரு கணக்கை முடித்தால் தன் பாக்ஸிலிருந்து ஒரு வடகத்தை எடுத்து அவள் தட்டில் வைப்பார். மாசியில் ஒருநாள் அவருக்கு வடகமே மிஞ்சவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. கணக்கில் முத்துப்பேச்சி அறுபத்து மூன்று. வகுப்பு முழுக்கத் தேர்ச்சி. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து தீக்குச்சி மருந்து வாசனையோடு ஓடிவந்து, பள்ளிக்கூட வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஹெட்மாஸ்டர் தான் பெற்ற பிள்ளை பாஸான மாதிரி எல்லார் கையிலும் லட்டு வைத்தார். வைக்கட்டும், நல்ல நாள்தானே. முத்துப்பேச்சி அழவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"சார், ஐ.டி.ஐ. ஃபாரம் எங்க குடுப்பாங்க?"

மிச்சமிருந்த லட்டுப் பெட்டியோடு சார் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். உள்ளே நுழையும் முன்பே, "அறுபத்து மூணு!" என்று கத்திக்கொண்டே போனேன்.

கோமதி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தார். "அறுபத்து மூணா! ஏ அம்மாடி!" சார் கையில் வழக்கம்போல ஊசியும் ஜாக்கெட்டும். அக்கா ஒரு லட்டை எடுத்து அப்படியே அவர் வாயில் திணித்தார். அவர் கன்னம் உப்ப என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். லட்டுத் தொண்டையில் அடைத்ததால் என்று பிறகு சொன்னார். நான் நம்பவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

"சார், ஒரு கேள்வி."

தலையை ஆட்டினார்.

"இவ்வளவும் செஞ்சு, அந்தப் பிள்ளை ஃபெயிலாப் போயிருந்தா? அப்ப என்ன செஞ்சிருப்பீங்க?"

சார் லட்டை மென்று விழுங்கினார்.

"கோமதி, தம்பிக்குத் தண்ணி கொண்டாயேன்."

அக்கா அடுக்களைக்குத் திரும்பினார். அப்போதுதான் அவர் ஜாக்கெட்டைப் பார்த்தேன். அரக்குக் கலர். மஞ்சள் புள்ளி. நடு முதுகில் மேலிருந்து கீழாகப் பட்டி கொடுத்து, வரிசையாக ஹூக். எண்ணினேன், ஏழு.

"அக்கா, அது..."

"ஆமா தம்பி, உங்க கைவேலைதான்!" அடுக்களைக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. "பின்பக்கம் ஹூக் வச்சது நல்லா இருக்குன்னு தெருவுல நாலு பேரு இதே மாதிரி கேக்காக."

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுனது நீரு. தச்சது அவ. ஹூக்கு நான் வச்சேன்" என்றார். "மூத்த மக வளைகாப்புக்கு இவ அதைப் போட்டுக்கிட்டுத்தான் முன்வரிசையில நின்னா."