வாசனை தெரியாத சமையற்காரர்

"சாமி, என் நாக்கு செத்துப்போச்சு. என்னை ஊருக்கு அனுப்பிருங்க."

மடத்துச் சமையற்காரர் குற்றாலிங்கம், குரு உட்கார்ந்திருந்த சரக்கறையின் வாசலிலேயே நின்றார். குருவைவிட அவருக்கு வயது அதிகம்.

அன்று குருபூஜை. கூடத்தில் இலை போட்டாயிற்று. ஜனங்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

குரு ஒரு உப்புக்கல்லை எடுத்துக் கொடுத்தார்.

"கரிக்குது சாமி."

துளி புளி கொடுத்தார்.

"புளிக்குது."

"அப்போ நாக்கு உயிரோடதானே இருக்கு?"

"எதைத் தின்னாலும் வேற ஒண்ணும் தெரியலயே. ரசமும் வெந்நீரும் ஒண்ணா இருக்கு."

குரு கண்ணை மூடினார். இரண்டு விரலால் மூக்கை இறுகப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

குற்றாலிங்கம் அங்கிருந்த பிரசாதப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து அவர் வாயில் போட்டார்.

"சர்க்கரை," என்றார் குரு.

பிறகு விரலை எடுத்தார்.

"ஏலக்காயும் இருக்கு."

குற்றாலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போன மாசம் காய்ச்சல் வந்துச்சு. அதுல மூக்கு போயிருச்சா?"

குரு தலையசைத்தார்.

"சாமி, பந்திக்கு முந்தி நான் எதையும் வாயில வைக்கிறதில்ல. ஆவியை மோந்துதான் இத்தனை வருஷமும் ஆக்குனேன். இன்னைக்குப் பாயசத்துக்குக் காலையிலயே தேங்கா அரைச்சு வச்சது. வெயிலு வேற. கெட்டிருந்தா எனக்குத் தெரியாது. பிள்ளைங்க உக்காந்திருக்கு."

"யார்கிட்டயாவது சொன்னீரா?"

"சொன்னா கரண்டியைப் பிடுங்கிருவாங்க."

குரு எழுந்தார். கூடத்துக்குப் போய், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"பரிமாறும்," என்றார்.

குற்றாலிங்கம் பாயச வாளியைத் தூக்கி வந்தார். குருவின் இலைக்கு மேலே கரண்டி நின்றது. ஒரு சொட்டு இலையில் விழுந்தது.

குரு அதை விரலால் தொட்டார். வாய்க்குக் கொண்டுபோனார்.

"வேண்டாம் சாமி."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குருவின் விரல் அப்படியே நின்றது.

குற்றாலிங்கம் கரண்டியைப் பக்கத்திலிருந்த பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அம்மா, கொஞ்சம் மோந்து பாருங்க. எனக்கு வாசனை தெரியாது."

அவள் அவரைப் பார்த்தாள். குருவைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.



"ஊசிப்போச்சு அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "ஊத்தாதீங்க."

குற்றாலிங்கம் வாளியைக் கீழே வைத்தார்.

குரு விரலை இலை ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.

"மோர் இருக்கா?"

"இருக்கு சாமி," என்றார் குற்றாலிங்கம். "அம்மா மோந்து பாக்கட்டும். கொண்டாரேன்."